பனைத் தாவியின் புள்ளிகளைப் படிக்கும் முறை

சோழவந்தான் பக்கத்துத் தென்னந்தோப்பு ஒன்றில், வாய்க்கால் வரப்பை ஒட்டி மண்டியிட்டு, தாத்தாப்பூவில் தேன் குடித்துக்கொண்டிருந்த ஒரு சிறு பூச்சியை நான் படமெடுத்துக்கொண்டிருந்தபோது, தேங்காய் பொறுக்க வந்த ஓர் அம்மா சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு, "அது விட்டிலு தம்பி, அதையப் போயி இம்புட்டு நேரமா படம் புடிக்கிறீக?" என்று கேட்டார். அவர் அப்படிக் கேட்டதில் தவறில்லை. மங்கலான பழுப்பு நிறம், தடித்த உடல், குட்டையான இறக்கை, பூவுக்குப் பூ வெடுக்கென்று தாவும் பதற்றமான பறத்தல் என்று விட்டில் எனச் சொல்வதற்கு வேண்டிய இலட்சணங்கள் எல்லாம் அந்தப் பூச்சியிடம் இருந்தன. ஆயினும் அது வண்ணத்துப்பூச்சிதான். வண்ணத்துப்பூச்சி பார்க்கத் தொடங்குகிறவர்கள் முதல் ஓராண்டு வரை இந்தக் கூட்டத்தைக் கண்டும் காணாமலும் கடந்துவிடுவார்கள். நானும் அப்படித்தான் கடந்துபோனேன்.

ஆங்கிலத்தில் ஸ்கிப்பர் என்று வழங்கும் இக்குடும்பத்தைத் துள்ளித் தாவும் இயல்பு கருதித் தாவிகள் என்று சொல்லலாம். அறிவியலில் குடும்பத்தின் பெயர் ஹெஸ்பெரிடே. உலகில் ஏறத்தாழ 3,500 வகைத் தாவிகள் உண்டு. அவற்றுள், தென்னை, பனை, ஈச்சை முதலிய மரங்களின் ஓலையைத் தின்று வளரும் ஒரே ஓர் இனத்தை மட்டும் இங்கே எடுத்துக்கொண்டு, அதன் உடலமைப்பையும் இறக்கைப் புள்ளிகளையும் விளக்குகிறேன். இந்தியன் பாம் பாப் என்பது அதன் ஆங்கிலப் பெயர். சுவாஸ்டஸ் கிரேமியஸ் என்பது அறிவியல் பெயர். இந்தக் கட்டுரையில் அதைப் பனைத் தாவி என்று குறிப்பிடுகிறேன். 1798-இல் இதற்கு அறிவியல் பெயர் சூட்டியவர் டென்மார்க்கைச் சேர்ந்த ஃபேப்ரிசியஸ்; இவர் லின்னேயஸின் மாணவர். அக்காலத்தில் நமது தரங்கம்பாடி டேனிஷ்காரர்களின் கையில் இருந்ததும், அங்கே பிடித்த பூச்சிகள் பல அவர் மேசைக்குப் போய்ச் சேர்ந்ததும், தென்னிந்தியப் பூச்சிகளின் பெயர்களுக்குப் பின்னால் அவர் பெயர் அடிக்கடி வருவதற்கு ஒரு காரணம்.

இறக்கைக்குப் போகும் முன் தலையைப் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் இது தாவியா இல்லையா என்பதைத் தலையே சொல்லிவிடும். மற்ற வண்ணத்துப்பூச்சிகளின் உணர்கொம்பு தீக்குச்சியைப் போல நேராகச் சென்று நுனியில் குமிழாக முடியும். தாவியின் உணர்கொம்பிலும் குமிழ் உண்டு. ஆனால் குமிழோடு அது நிற்பதில்லை. குமிழுக்கு அப்பால் மெலிந்து, தூண்டில் முள்ளைப் போலச் சற்றே வெளிப்பக்கம் வளையும். கூடவே, இரண்டு கொம்புகளும் அகன்ற தலையின் மேல் ஒன்றுக்கொன்று நன்றாகத் தள்ளி முளைத்திருக்கும். உடம்பின் அளவை நோக்கக் கண்கள் பெரியவை. அலங்காநல்லூர்க் காளைக்குத் திமில் திரண்டிருப்பதைப் போல மார்புப் பகுதி திரண்டிருக்கும். பறப்பதற்கான தசைகள் அங்கேதான் நிறைந்திருக்கின்றன. பெரிய தசையும் சிறிய இறக்கையும் சேர்ந்ததால்தான் தாவி மற்ற வண்ணத்துப்பூச்சிகளைப் போல மிதந்து செல்லாமல், விர்ரென்று எழுந்து கண்ணுக்குத் தப்பி, நான்கடி தள்ளி வேறொரு பூவில் உட்கார்ந்திருக்கிறது.

இந்தத் தோற்றத்தினால்தான் நெடுங்காலம் தாவிகளை வண்ணத்துப்பூச்சிகளுக்கும் அந்துப்பூச்சிகளுக்கும் நடுவே ஒரு தனிப் பெருங்குடும்பமாக அறிவியலாளர்கள் வைத்திருந்தார்கள். மரபணு ஆய்வுகள் வந்த பிறகு அவை வண்ணத்துப்பூச்சிகளுக்குள்ளேயே அடங்கும் என்பது உறுதியாயிற்று. அந்த அம்மாவின் விட்டில் என்ற சொல்லுக்கும் பழைய அறிவியலின் தயக்கத்துக்கும் பெரிய தூரம் இல்லை என்றுதான் சொல்வேன்.

இனி இறக்கை. வண்ணத்துப்பூச்சிக்கு முன்னிறக்கை இரண்டு, பின்னிறக்கை இரண்டு என நான்கு இறக்கைகள் உண்டு என்பது எல்லோருக்கும் தெரியும். தொடக்கத்தில் நாம் மறந்துவிடுவது, ஒவ்வொரு இறக்கைக்கும் மேற்புறம், அடிப்புறம் என இரண்டு பக்கங்கள் உண்டு என்பதையும், அந்த இரண்டு பக்கங்களின் வண்ணமும் புள்ளியும் ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாதவையாக இருக்கலாம் என்பதையும்தான். இறக்கையை விரித்து வெயில் காயும்போது நமக்குத் தெரிவது மேற்புறம். இறக்கைகளை முதுகுக்கு மேல் கூப்பி உட்காரும்போது தெரிவது அடிப்புறம். அதிலும் பெரும்பகுதி பின்னிறக்கையின் அடிப்புறமே, முன்னிறக்கை அதன் பின்னால் ஒளிந்து நுனியை மட்டும் நீட்டிக்கொண்டிருக்கும். பனைத் தாவி பெரும்பாலும் கூப்பியே உட்காரும் பூச்சியாதலால், அதன் அடையாளமும் அந்தப் பின்னிறக்கை அடிப்புறத்தில் இருப்பது நம்முடைய நல்ல காலம்.

நிறம் என்று நாம் பார்ப்பது செதில்களின் நிறம். இறக்கை என்பது கண்ணாடித்தாளைப் போன்ற ஒரு மெல்லிய சவ்வு. அதன் இரு பக்கமும், நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும் ஓடுகளைப் போல, ஏறத்தாழ 0.1 மி.மீ. நீளமுள்ள செதில்கள் வரிசை வரிசையாகப் பதிந்திருக்கின்றன. வண்ணத்துப்பூச்சியைத் தொட்டால் விரலில் ஒட்டும் பொடி இதுதான். கறுப்பும் பழுப்பும் மெலனின் என்னும் நிறமியால் வருகின்றன. நமது தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவதும் அதே நிறமிதான். சாம்பல் நிறம் என்று தூரத்தில் தெரிவதை உருப்பெருக்கிப் பார்த்தால், அரிசியில் உளுந்து கலந்து கொட்டியதைப் போல வெளிர்ந்த செதிலும் கருத்த செதிலும் கலந்து கிடப்பது தெரியும்.

புள்ளியை வர்ணிக்க வேண்டுமானால் அது இறக்கையில் எங்கே இருக்கிறது என்று சொல்ல ஒரு முறை வேண்டும். "நடுவில் ஒரு புள்ளி, ஓரத்தில் இரண்டு புள்ளி" என்று சொல்வது, மதுரையில் வீடு எங்கே என்று கேட்டவரிடம் "கோயில் பக்கம்" என்று சொல்வதைப் போன்றது. மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி ஆடி வீதி, சித்திரை வீதி, ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி என ஐந்து சுற்று வீதிகள் ஒன்றை அடுத்து ஒன்று அமைந்திருப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இறக்கை உடம்போடு சேரும் அடிப்பகுதியைக் கோயில் என்று கொண்டால், அங்கிருந்து வெளியோரம் நோக்கிப் போகப் போக இறக்கையையும் இப்படிச் சுற்றுகளாகப் பிரிக்கலாம். அடிப்பகுதியை ஒட்டியது ஆடி வீதி. இறக்கையின் நடுப்பகுதி சித்திரை வீதியும் ஆவணி மூல வீதியும். ஓரத்துக்குச் சற்று உள்ளே மாசி வீதி. ஓரமே வெளி வீதி. வண்ணத்துப்பூச்சி வர்ணனைகளில் அடிப்பகுதி, வட்டப்பகுதி, புறவட்டப்பகுதி, உள்ளோரம், ஓரம் என்றெல்லாம் சொல்வது இந்தச் சுற்றுகளைத்தான். கோயிலைச் சுற்றி வீதி நாலு பக்கமும் போகும், இறக்கையில் விசிறி போல ஒரு பக்கம் மட்டுமே விரியும் என்ற வேறுபாட்டை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டால் போதும்.

சுற்று வீதி தெரிந்தால் பாதி முகவரிதான் கிடைத்தது; கோயிலிலிருந்து வெளியே ஓடும் குறுக்குத் தெருக்களும் வேண்டும். அவைதான் நரம்புகள். இறக்கையின் அடிப்பகுதியை ஒட்டி, நரம்புகளால் சூழப்பட்ட நீண்ட ஓர் அறை உண்டு; அதுவே நடு அறை. அந்த அறையின் விளிம்பிலிருந்தும் இறக்கையின் அடியிலிருந்தும் கிளம்பும் நரம்புகள் ஓரம் வரை ஓடுகின்றன. முன்னிறக்கையில் கீழ்விளிம்பிலிருந்து மேல்நோக்கி இவற்றை 1 முதல் 12 வரை எண்ணுவது இந்திய வண்ணத்துப்பூச்சி நூல்களில் நெடுங்காலமாக வழங்கும் முறை. இரண்டு நரம்புகளுக்கு நடுவே உள்ள இடத்துக்கு, அதற்குக் கீழே உள்ள நரம்பின் எண்ணையே சூட்டுவார்கள். ஆகவே இரண்டாம் நரம்புக்கும் மூன்றாம் நரம்புக்கும் இடைப்பட்ட இடம் 2-ஆம் இடைவெளி. அதற்கு மேலே உள்ளது 3-ஆம் இடைவெளி.

தாவிகளைப் பொறுத்தவரை இந்த எண்ணும் வேலை மற்ற குடும்பங்களைவிட எளிது. பிற வண்ணத்துப்பூச்சிகளின் முன்னிறக்கையில் சில நரம்புகள் பாதி வழியில் கவட்டையாகப் பிரியும். எண்ணுகிறவர் அங்கே தடுமாறுவார். தாவியின் முன்னிறக்கையிலோ எந்த நரம்பும் கிளை பிரியாமல் தனித்தனியே புறப்பட்டுத் தனித்தனியே ஓரத்தை அடைகிறது. இது வசதியாக எண்ணுவதற்கு மட்டும் உதவுவதன்று. தாவிக் குடும்பத்தைப் பிரித்தறியும் அடிப்படை அடையாளங்களுள் ஒன்றும் இதுவே.

இப்போது பனைத் தாவியின் மேற்புறத்தை முகவரியோடு படிக்கலாம். விரித்த இறக்கையின் நுனிக்கு நுனி அளந்தால் 32 முதல் 42 மி.மீ. வரை இருக்கும், கூப்பி உட்கார்ந்தால் இப்போதைய ஒரு ரூபாய் நாணயத்துக்குள் ஏறத்தாழ அடங்கிவிடும். மேற்புறம் முழுவதும் சற்றே மினுமினுப்பான கரும்பழுப்பு. பின்னிறக்கையின் மேற்புறத்தில் புள்ளி ஏதும் இல்லை. முன்னிறக்கையில் வெளிர்மஞ்சள் சாயலுள்ள வெண்புள்ளிகள் இருக்கின்றன: நடு அறையின் வெளிமுனையில் ஒன்று, அதற்குக் கீழே 2-ஆம் இடைவெளியில் ஏறத்தாழச் சதுரமான ஒன்று, இதுவே எல்லாவற்றிலும் பெரியது, அதற்கு மேலே, சற்று வெளியே தள்ளி, 3-ஆம் இடைவெளியில் சிறியதாக ஒன்று, இறக்கை நுனிக்குச் சற்று உள்ளே, அதாவது நம் மாசி வீதியின் மேல்கோடியில், கடுகளவே உள்ள மூன்று, கீழே முதல் நரம்பை ஒட்டி ஒன்று. எல்லாப் பூச்சியிலும் ஏழும் தெளிவாக இருக்கும் என்று எதிர்பார்க்கக் கூடாது. நுனிப் புள்ளிகள் மூன்றில் ஒன்றோ இரண்டோ மங்கியிருப்பதும், கீழ்ப்புள்ளி தேய்ந்திருப்பதும் உண்டு. அளவும் எண்ணிக்கையும் மாறலாம், முகவரி மாறாது.

இந்த வெண்புள்ளிகளைப் பற்றி ஒன்றைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் தாவிகளின் புள்ளிகளில் நான் மிகவும் குழம்பியது இங்கேதான். வெள்ளை வண்ணத்துப்பூச்சியின் வெண்மை செதிலின் வெண்மை. பனைத் தாவியின் முன்னிறக்கையில் வெண்மையாகத் தோன்றுவது பெரும்பாலும் செதில் மிகக் குறைந்த இடம். கூரையில் ஓடு ஒன்றை எடுத்துவிட்டுக் கண்ணாடி பதித்ததைப் போல அங்கே சவ்வு மட்டும் நிற்க, ஒளி ஊடுருவிச் செல்கிறது. இதனால் அந்தப் புள்ளி எந்த நிறத்தில் தெரியும் என்பது அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வானத்தைப் பின்னணியாக வைத்துப் பார்த்தால் பால் வெள்ளை. தென்னங்கீற்றின் மேல் இறக்கை விரித்திருந்தால் இளம்பச்சை. ஈர மண்ணின் மேல் அநேகமாகப் பழுப்பாகவே கரைந்துபோகும். ஒரே பூச்சியை ஐந்து நிமிட இடைவெளியில் இரண்டு இடத்தில் எடுத்த படங்களை வைத்துக்கொண்டு, புள்ளியின் நிறம் வேறுபடுவதால் இரண்டும் வேறு இனமாக இருக்குமோ என்று ஒரு மாலை முழுவதையும் நான் வீணடித்திருக்கிறேன். ஒளி ஊடுருவும் புள்ளியின் நிறத்தைக் குறிப்பேட்டில் எழுதுவதால் பயன் இல்லை. எந்த அறையில், எந்த இடைவெளியில் இருக்கிறது என்பதை எழுதினால் போதும்.

ஒளி ஊடுருவும் புள்ளிக்கு இன்னொரு குணமும் உண்டு. வாரக்கணக்கில் புதருக்குள்ளும் ஓலைக்குள்ளும் நுழைந்து வெளிவந்த பூச்சியின் செதில்கள் உதிர்ந்து, இறக்கை வெளுத்து, ஓரம் கிழிந்திருக்கும். அப்போது செதிலால் ஆன வண்ணங்கள் எல்லாம் மங்கும். செதில் அதிகம் இல்லாத இந்தப் புள்ளிகளில் மங்குவதற்கு ஒன்றும் இல்லையாதலால், அவை கடைசி வரை அப்படியே நிற்கும்.

அடிப்புறத்துக்கு வருவோம். கூப்பி உட்கார்ந்திருக்கும் பனைத் தாவியின் பின்னிறக்கை, விறகடுப்புச் சாம்பலில் கொஞ்சம் காப்பித்தூள் கலந்த நிறம். அந்தச் சாம்பல் தரையின் மேல், ஏறத்தாழ வட்டமான கரும்புள்ளிகள் சில பதிந்திருக்கும். ஒன்று பின்னிறக்கையின் நடு அறையில். மற்றவை அதற்கு வெளியே, ஆவணி மூல வீதியில் வளைவாக, ஒவ்வொரு இடைவெளிக்கும் ஒன்றாக, ஆனால் எல்லா இடைவெளியிலும் இல்லாமல் ஆங்காங்கே விட்டு விட்டு. எத்தனை என்று கேட்டால் திட்டமான விடை இல்லை. பூச்சிக்குப் பூச்சி கூடும், குறையும். சிலவற்றில் எல்லாமே மையில் தொட்டு வைத்தவை போல அழுத்தமாகவும், சிலவற்றில் இரண்டு மட்டும் அழுத்தமாகவும் மற்றவை நிழல் போலவும் இருக்கும். என் கைப்பேசியில் படத்தைப் பெரிதாக்கிக் காட்டியபோது, முன்பு விட்டில் என்ற அம்மா, "ஆத்தி, மிளக எடுத்து அப்பி வச்ச மாதிரியில்ல இருக்கு" என்றார். இதைவிடச் சரியான வர்ணனையை நான் இதுவரை எந்தக் கையேட்டிலும் படித்ததில்லை.

அதே நிலையில் முன்னிறக்கையின் முன்விளிம்பும் நுனியும் மட்டும் வெளியே தெரியும். அவையும் பின்னிறக்கையைப் போலச் சாம்பல் நிறமே. பின்னிறக்கைக்குள் மறைந்திருக்கும் பகுதி கருமையானது. பூச்சி சற்றே இறக்கையை அகற்றும்போதுதான் அந்தக் கருமையும், மேற்புறத்தில் நாம் பார்த்த அதே கண்ணாடிப் புள்ளிகளும் கண்ணில் படும். கண்ணாடிப் புள்ளி இரு பக்கமும் ஒன்றே, ஒரே சன்னலை வீட்டுக்குள்ளிருந்தும் தெருவிலிருந்தும் பார்ப்பதைப் போல. கரும்புள்ளிகள் அப்படியல்ல, அவை அடிப்புறச் செதில்களின் நிறம் மட்டுமே, ஆகையால் மேற்புறத்தில் அவற்றின் சாயலே தெரியாது. இந்த ஒரு வேறுபாடு பிடிபட்டுவிட்டால் தாவிகளின் இறக்கை வர்ணனைகள் எதுவும் அதன்பின் மிரட்டாது.

உடலின் மேற்பக்கம் இறக்கையின் நிறத்தையே ஒத்த பழுப்பு. அடிப்பக்கம் வெளுத்த சாம்பல். இறக்கை ஓரத்து மயிரிழைகள் வெளிர்பழுப்பு. ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருப்பதால், புதியவர் அந்த ஆராய்ச்சியில் இறங்க வேண்டியதில்லை.

இதனோடு குழம்பக்கூடியவற்றைச் சொல்லாமல் விடுவது நியாயமாகாது. மேலூர், வாடிப்பட்டிப் பக்கத்துப் பெரியாறு பாசன வயல்களின் வரப்புகளில் மிகுதியாகத் தென்படும் நெல் தாவிதான் முதல் குழப்பம். ஆங்கிலத்தில் ரைஸ் ஸ்விஃப்ட் என்று வழங்கும் இதன் அறிவியல் பெயர் போர்போ சின்னாரா. 1866-இல் இதற்குப் பெயரிட்டவர், இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு ஒரே காலத்தில் முன்வைத்த ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ். அளவிலும் மேற்புறப் பழுப்பிலும் முன்னிறக்கைக் கண்ணாடிப் புள்ளிகளிலும் இரண்டும் உறவினர் போலவே இருக்கும். பூச்சி இறக்கையைக் கூப்பியதும் ஐயம் தீர்ந்துவிடும்: நெல் தாவியின் பின்னிறக்கை அடிப்புறம் பசுமஞ்சள் கலந்த பழுப்பு, அதன் மேல் சிறு வெண்புள்ளிகள். சாம்பலில் கறுப்பு என்றால் பனைத் தாவி, பழுப்பில் வெள்ளை என்றால் நெல் தாவி அல்லது அதன் பங்காளிகள். அந்தப் பங்காளிகளை ஒன்றிலிருந்து ஒன்று பிரிப்பது வேறு கதை. தொடங்குகிறவர் அந்த வம்பில் மாட்டிக்கொள்ள வேண்டாம் என்பது என் எண்ணம்.

மற்றவை அவ்வளவு தொல்லை தருவதில்லை. செஸ்ட்நட் பாப் எனப்படும் தாவி பனைத் தாவியைவிடச் சிறியது, செங்காவி நிறம், அடிப்புறத்தில் வெள்ளிப்பொட்டு வைத்தாற்போன்ற சிறு புள்ளிகள் கொண்டது. தரையோடு தரையாகப் பறக்கும் இந்தியன் ஸ்கிப்பர் கறுப்புத் தரையில் வெள்ளைக் கட்டம் போட்ட துணி போல இருக்கும். மஞ்சள், இஞ்சிச் செடிகளின் இலையில் வளரும் கிராஸ் டெமனின் பின்னிறக்கையில் பெரிய வெண்திட்டு ஒன்று உண்டு. சாலையோரப் புங்கை மரங்களின் கொழுந்தில் வளரும் காமன் பேண்டட் ஆல் இலைக்கு அடியில் போய் ஒட்டிக்கொள்ளும். அதன் பின்னிறக்கை அடிப்புறத்தில் வெள்ளைப்பட்டை ஒன்று குறுக்கே ஓடும். டார்ட் எனப்படும் ஆரஞ்சும் கறுப்பும் கலந்த தாவிகள் உட்காரும் முறையிலேயே காட்டிக்கொடுத்துவிடும்: முன்னிறக்கைகளைப் பாதி தூக்கி, பின்னிறக்கைகளைத் தட்டையாக விரித்து, போர் விமானம் நிற்பதைப் போல. அவற்றுள் சிலவற்றின் ஆண்களுக்கு முன்னிறக்கைக் கரும்பட்டையின் நடுவே சாம்பல் நிறத் தழும்பு போல ஒரு கோடு இருக்கும். அது மணம் பரப்பும் சிறப்புச் செதில்கள் அமைந்த இடம். பனைத் தாவியின் பேரினத்திலேயே இன்னும் சிறிய ஓர் இனம் மேற்குத் தொடர்ச்சி மலைக்காடுகளில் இருக்கிறது. மதுரைச் சமவெளியில் பார்க்கிறவருக்கு அது குறுக்கே வராது.

எங்கே தேடுவது என்பதற்கு மரமே வழிகாட்டி. சோழவந்தான், வாடிப்பட்டித் தென்னந்தோப்புகளும், கண்மாய்க்கரைப் பனைகளும், மலையடிவாரத்து ஈச்சம்புதர்களும், வீட்டு வாசலில் தொட்டியில் வைக்கும் அழகுப் பனைகளும் இதற்கு ஒன்றுதான். வளர்ந்த பூச்சி தேனுக்காகத் தாத்தாப்பூ, உண்ணிப்பூ போன்ற தாழ்ந்த செடிகளுக்கு வரும். சிறுவர்கள் "தாத்தா தாத்தா தலையைக் கொடு" என்று கேட்டுத் தலையைச் சுண்டிவிடுகிற அந்த மஞ்சள் நடுவுள்ள வெள்ளைப்பூ, தாவிகள் பார்க்க வந்தவருக்குக் கிடைக்கும் முதல் துணை. வடகிழக்குப் பருவமழைக்குப் பின் புல்லும் பூண்டும் செழித்திருக்கும் நாட்களில், காலை வெயில் சற்று ஏறிய நேரம் நல்லது. பூச்சியின் மேல் உங்கள் நிழல் விழாமல், பக்கவாட்டில் இறக்கைக்கு நேராகக் கைப்பேசியைப் பிடித்து முதலில் அடிப்புறத்தை எடுத்துவிடுங்கள். மேற்புறம் கிடைத்தால் லாபம். வெயிலுக்கு எதிராக ஒரு படம் எடுத்தால் கண்ணாடிப் புள்ளிகள் விளக்கேற்றியது போலத் தெரியும். கூப்பிய நிலையில் இடது முன்னிறக்கையின் புள்ளியும் வலது முன்னிறக்கையின் புள்ளியும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்தும்போதுதான் ஒளி முழுதாக வரும். சற்று விலகியிருந்தால் பிறை போல ஒரு கீற்று மட்டுமே தெரியும், அதைப் புதிய வடிவப் புள்ளி என்று எண்ணிவிடக் கூடாது.

பூச்சி அகப்படாவிட்டால் ஓலையைப் பாருங்கள். பனைத் தாவியின் புழு கீற்றின் ஓரங்களைத் தன் வாயிலிருந்து வரும் இழையால் இழுத்துத் தைத்து, ஈர்க்கை முதுகெலும்பாகக் கொண்ட ஒரு குழாயைச் செய்து அதற்குள் பதுங்கியிருக்கும். வெளியே வந்து பக்கத்து ஓலையை ஓரத்திலிருந்து கடித்துத் தின்றுவிட்டு உள்ளே திரும்பும். கூட்டுப்புழு ஆவதும் பெரும்பாலும் இத்தகைய குழாய்க்குள்ளேயே. தோப்புக்காரர்கள் இதற்காகக் கவலைப்படத் தேவையில்லை. தென்னையை வீழ்த்துவது காண்டாமிருக வண்டும் சிவப்புக் கூன்வண்டும்தான், இந்தப் புழு தின்னும் ஓலை வளர்ந்த மரத்துக்கு ஒரு பொருட்டன்று.

சென்ற ஆண்டு கார்த்திகையில் எங்கள் வீட்டு மாடித் தொட்டிப் பனையில் அப்படி ஒரு குழாயைக் கண்டு, அதைப் பிரிக்காமல் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துத் தினமும் பார்த்துவந்தேன். ஒரு நாள் காலை ஏழு மணிக்குப் போனபோது குழாயின் வாயருகே பூச்சி வெளிவந்து தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்தது. இறக்கைகள் ஊறவைத்த காய்ந்த திராட்சையைப் போலச் சுருங்கிக் கிடந்தன. நரம்புகளுக்குள் உடல் நீரைச் செலுத்தித்தான் வண்ணத்துப்பூச்சி தன் இறக்கையை விரிக்கிறது என்று படித்திருந்தேன். அன்று அதை நேரில் பார்த்தேன். சுருங்கிய நிலையில் பின்னிறக்கையின் கரும்புள்ளிகள் ஒன்றோடொன்று நெருங்கி ஒரே கறையாகத் தெரிந்தன. இறக்கை நிமிர நிமிர அவை விலகித் தங்கள் தங்கள் இடத்துக்குப் போயின. எண்ணினேன்: நடு அறையில் ஒன்று, வெளி வளைவில் நான்கு, நான்கில் ஒன்று மட்டும் மங்கல். ஒன்பது மணி வெயில் தொட்டியில் விழுந்தபோது பூச்சி ஒரு முறை இறக்கையை அகற்றிக் காட்டிவிட்டு, எதிர்வீட்டுத் தென்னையை நோக்கிப் போய்விட்டது.